கேலிக் கால்பந்தில் கோல்கீப்பர்: கடைசி ஆளாக இருந்தவர் முதல் ஆளான கதை

அயர்லாந்தின் டப்ளின் நகரில் க்ரோக் பார்க் என்றொரு மைதானம் இருக்கிறது. 82,300 பேர் அமரக்கூடிய அந்த மைதானம் ஆண்டுதோறும், அந்நாட்டின் மரபு விளையாட்டான கேலிக் (Gaelic) கால்பந்தின் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தன்று நிரம்பி வழியும். அன்று களத்தில் இறங்கும் முப்பது பேரில் ஒருவருக்கும் ஆடுவதற்காகச் சம்பளம் கிடையாது. ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் விவசாயிகளும் மாணவர்களுமாக இருக்கும் அவர்கள், பகலில் தம் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்து சேர்பவர்கள். அந்த முப்பது பேரில் கோல் கம்பங்களுக்கு முன்னால் நிற்கும் இருவரைப் பற்றியது இக்கட்டுரை. கடந்த இருபது ஆண்டுகளில் இந்த ஆட்டத்தில் மிகப் பெரிய மாற்றத்தைச் சந்தித்த இடம் கோல்கீப்பரின் இடமே என்பது என் கருத்து. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால் ஆட்டத்தையே பெருமளவு புரிந்துகொள்ள முடியும்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படையைப் பார்த்துவிடலாம். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். மைதானம் நாம் அறிந்த கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது; நீளம் மட்டுமே 130 முதல் 145 மீட்டர் வரை இருக்கும். பந்தைக் கையால் பிடிக்கலாம், உதைக்கலாம், கை முஷ்டியால் குத்தி இன்னொருவருக்கு அனுப்பலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிகளுக்கு மேல் ஓட முடியாது. அதற்குள் ஒருமுறை தரையில் தட்டவோ, காலால் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்கவோ வேண்டும். கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்தான எச் வடிவில், குறுக்குக் கம்பத்துக்கு மேலும் உயர்ந்து நிற்கும். இரு கம்பங்களுக்கு இடையே 6.5 மீட்டர் அகலம். குறுக்குக் கம்பம் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்கு மேலாகப் பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் கோல், அதாவது மூன்று புள்ளி. ஆகவே ஆட்டத்தின் கணக்கை இரண்டு எண்களாக எழுதுவார்கள். 2-14 என்றால் இரண்டு கோலும் பதினான்கு புள்ளிகளும், கூட்டினால் 20.

இந்தக் கணக்கு முறையே கோல்கீப்பரின் நிலையை வேறுபடுத்திவிடுகிறது. சாதாரணக் கால்பந்தில் எதிரணி எடுக்கும் ஒவ்வொரு கோலும் கோல்கீப்பரைக் கடந்துதான் போகிறது. கேலிக் கால்பந்திலோ எதிரணி எடுக்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை அவர் தலைக்கு மேல், அவர் கை எட்டாத உயரத்தில் செல்பவை. எழுபது நிமிட ஆட்டத்தில் அவர் நேரடியாகத் தடுக்க வேண்டிய உதைகள் ஐந்துகூட இல்லாத நாள்கள் உண்டு. அப்படியானால் மீதி நேரம் அவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடையைத்தான் இனி விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

கோல்கீப்பருக்கென்று விதிகளில் இருக்கும் தனிச்சலுகைகள் மிகச் சில. கோல் கம்பங்களை ஒட்டி 14 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் ஆழமும் கொண்ட சிறிய செவ்வகம் ஒன்று வரையப்பட்டிருக்கும். அதற்குள் தரையில் கிடக்கும் பந்தை அவர் நேராகக் கையால் எடுக்கலாம். மற்ற வீரர்கள் முதலில் காலால் கிளப்பித்தான் கையில் எடுக்க முடியும். அந்தச் செவ்வகத்துக்குள் பந்தோடு நிற்கும் கோல்கீப்பரை எவரும் உடலால் மோதக் கூடாது. அதைவிட்டு வெளியே வந்துவிட்டால் அவரும் பதினைந்தில் ஒருவர்தான். வெளியே வந்தாலும் பந்தைக் கையால் பிடிக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, ஏனென்றால் எல்லோருக்கும் அது இருக்கிறது. களத்தின் எந்த மூலைக்கும் அவர் போகலாம், புள்ளி எடுக்கலாம், கோலும் அடிக்கலாம். இந்தச் சுதந்திரம் விதிப்புத்தகத்தில் எப்போதும் இருந்ததுதான். அதைப் பயன்படுத்தத் துணிந்தவர்கள் மட்டும் நெடுங்காலம் இல்லை.

ஒருவர் கோல்கீப்பர் ஆவது எப்படி? கேலிக் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு 1884 நவம்பர் 1 அன்று தர்ல்ஸ் என்ற சிற்றூரில் ஒரு விடுதியில் தொடங்கப்பட்டது. ஜிஏஏ என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் அடித்தளம் ஊர்தோறும் இருக்கும் கிளப். சிறுவர் தம் ஊர் கிளப்பில் ஆடத் தொடங்குகிறார். பெரும்பாலும் முதுமைவரை அதே கிளப்பின் ஆளாகத்தான் இருக்கிறார். அயர்லாந்துத் தீவின் முப்பத்திரண்டு கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) தனித்தனி அணிகள் உண்டு. கிளப்பில் சிறப்பாக ஆடுபவரைக் கவுண்டி அணிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். டைரோன், அர்மா, டவுன் போன்ற கவுண்டிகள் அரசியல்ரீதியாக வட அயர்லாந்தில் இருந்தாலும் இந்த ஆட்டத்தில் அந்த எல்லை கணக்கில் வருவதில்லை. பிறந்து வளர்ந்த கவுண்டிக்கே ஆடுவதுதான் வழக்கம். வாங்குவதும் விற்பதும் கிடையாது. இந்த முறையின் அருமை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கோல்கீப்பர் தன் கவுண்டியில் தன்னைவிடச் சிறந்த ஒருவர் இருந்தால் வேறு அணிக்குப் போய்விட முடியாது. காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு கோல்கீப்பர்களுக்குத்தான் மிகக் கடினமானது. முன்களத்தில் ஆறு இடங்கள், பின்களத்தில் ஆறு இடங்கள், நடுக்களத்தில் இரண்டு. கோல்கீப்பருக்கு ஒன்றே ஒன்று. களைத்துப் போன முன்கள வீரரை மாற்றி இன்னொருவரை இறக்குவது ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கும். கோல்கீப்பரைக் காயம் பட்டாலொழிய மாற்றுவது அரிது. ஆகவே இரண்டாவது கோல்கீப்பர் என்பவர், வாரத்தில் பல மாலைகள் முழுப் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒரு நிமிடமும் ஆடாமல் இருக்கக்கூடியவர். அதுவும் ஊதியமின்றி.

பழைய கால கோல்கீப்பரிடம் எதிர்பார்க்கப்பட்டவை துணிவும் நல்ல கைகளும். அப்போது முன்கள வீரர்கள் கோல்கீப்பரை உடலால் மோதிப் பந்தோடு வலைக்குள் தள்ள முயல்வது விதிக்கு உட்பட்டதாகவே இருந்தது. அவரைக் காப்பதே முன்னால் நிற்கும் பின்கள வீரரின் முதல் வேலை. அந்தக் காலத்தின் பெரும் பெயர் கெர்ரி கவுண்டியின் டேன் ஓகீஃப். 1931 முதல் 1946 வரை ஏழு அகில அயர்லாந்துப் பட்டங்களை வென்ற அணிகளில் அவரே கோல்கீப்பர். எழுபதுகளில் டப்ளினின் பேடி கல்லன் வந்தார். 1974 இறுதி ஆட்டத்தில் கால்வேயின் லியாம் சாமன் உதைத்த பெனால்டியை அவர் தடுத்தது அந்த ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. ஆனால் அவரை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் 1978 இறுதி ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். தனக்கு எதிராக நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்ததை எதிர்த்து அவர் பேசிக்கொண்டிருந்தபோது, கெர்ரியின் மைக்கி ஷீஹி பந்தை அவர் தலைக்கு மேலாக வலைக்குள் மெல்ல உயர்த்திவிட்டார். பந்தைத் துரத்திக் கல்லன் பின்னோக்கி ஓடியும் பயனில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஒரு பெரிய வாழ்க்கையின் நன்மைகளை எல்லாம் ஒரு நொடி மறைத்துவிடும் இடம் இது.

இனி கிக்-அவுட். எதிரணி புள்ளியோ கோலோ எடுத்தாலும், அவர்கள் உதைத்த பந்து கம்பங்களுக்கு வெளியே எல்லைக் கோட்டைத் தாண்டினாலும், ஆட்டம் மீண்டும் தொடங்குவது கோல்கீப்பர் தரையில் வைத்து உதைக்கும் பந்திலிருந்துதான். இதற்குப் பெயர் கிக்-அவுட். இது எத்தனை முறை நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எதிரணி ஓர் ஆட்டத்தில் 2-14 எடுத்தால் அதிலேயே பதினாறு கிக்-அவுட். அவர்கள் குறிதவறிய உதைகளையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். அதாவது ஒவ்வொரு கோல்கீப்பரும் ஓர் ஆட்டத்தில் இருபது முறைக்குக் குறையாமல், ஆட்டம் நின்றிருக்கும் நிலையில், பந்தைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். களத்தில் வேறு எவருக்கும் இப்படியொரு வாய்ப்பு இல்லை.

இவ்வளவு பெரிய வாய்ப்பு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் வீணடிக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். அன்றைய வழக்கப்படி, பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நடுக்களத்தை நோக்கி உதைப்பார்கள். அங்கே இரு அணிகளின் உயரமான வீரர்களும் எம்பிக் குதித்துப் போட்டியிடுவார்கள். பார்ப்பதற்கு அது அழகான காட்சி. உயரத்தில் இரு கைகளாலும் பந்தைப் பறிக்கும் வீரரை அயர்லாந்து மக்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் கணக்காகப் பார்த்தால், தன் கையில் முழுமையாக இருந்த பந்தைப் பாதிக்குப் பாதி இழக்கும் வாய்ப்போடு கோல்கீப்பர் வெளியே விடுகிறார். சில அணிகளில் கோல்கீப்பரைவிட வலுவாக உதைக்கும் பின்கள வீரர் வந்து அந்த உதையைச் செய்வதும் உண்டு. உதையின் துல்லியம் அன்று ஒரு பொருட்டாகவே கருதப்படவில்லை.

இதை மாற்றியவர்களில் முதல் பெயராகச் சொல்ல வேண்டியவர் டப்ளினின் ஸ்டீபன் கிளக்ஸ்டன். 1981 டிசம்பரில் பிறந்தவர். வட டப்ளினின் கூலாக் பகுதியில் உள்ள பார்னெல்ஸ் கிளப்பைச் சேர்ந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 2001-இல், பத்தொன்பது வயதில், கவுண்டி அணிக்காக முதன்முதலில் இறங்கினார். தொடக்கம் சீராக இருக்கவில்லை. 2003-இல் அர்மாவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிராளி ஒருவரை உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். டப்ளின் அந்த ஆட்டத்தைத் தோற்றது. பேட்டிகளையும் பாராட்டு மேடைகளையும் அவர் தன் ஆட்டக்காலம் முழுவதும் தவிர்த்தே வந்தார். பேச்சால் அல்லாமல் பந்தால் மட்டுமே அறியப்பட்ட மனிதர் அவர்.

கிளக்ஸ்டன் செய்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எதிரணி உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த பந்தை எடுத்து வைக்கத் தயாராகிவிடுவார். புள்ளி எடுத்த மகிழ்ச்சியில் எதிரணியினர் தத்தம் இடத்துக்குத் திரும்புவதற்கு நான்கைந்து நொடிகள் ஆகும். அந்த நொடிகள்தான் அவருக்கு வேண்டியவை. தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பார். ஓர் ஓரத்தில் பின்கள வீரர் ஒருவர் திடீரென்று திசைமாறி ஓடத் தொடங்குவார். பந்து அவர் இப்போது நிற்கும் இடத்துக்குப் போகாது. இன்னும் இரண்டு நொடியில் அவர் சென்று சேரப்போகும் இடத்துக்கு, மார்பளவு உயரத்தில், வேகம் குறையாமல் போய் இறங்கும். ஓடுபவர் வேகத்தைக் குறைக்காமலேயே பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு தாக்குதலுக்குப் போய்விடுவார். இது சாத்தியமாக வேண்டுமானால் உதைப்பவருக்குத் துல்லியம் போதாது. ஓடும் ஆறேழு பேருக்கும் எப்போது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற ஒத்திகை வேண்டும். பாட் கில்ராய் பயிற்சியாளராக இருந்த ஆண்டுகளிலும், 2013 முதல் ஜிம் கேவின் பொறுப்பேற்ற பின்னரும், டப்ளின் அணியின் ஆட்டமே இந்த ஒத்திகையின் மேல் கட்டப்பட்டது. கிரிக்கெட்டில் பந்து வீச்சாளர் எப்படி ஒவ்வொரு பந்தையும் தானே தொடங்கி வைத்து மற்றப் பத்துப் பேரையும் அதற்கேற்ப நிறுத்துகிறாரோ, அப்படியொரு அதிகாரம் கேலிக் கால்பந்தின் கோல்கீப்பர் கைக்கு வந்து சேர்ந்தது.

எதிரணிகள் சும்மா இருக்கவில்லை. 2016 அரையிறுதியில் கெர்ரி அணி தன் வீரர்களை முன்னே அனுப்பி, கிளக்ஸ்டன் பந்து கொடுக்கக்கூடிய ஒவ்வொருவரையும் ஒட்டி நின்றது. முதல் பாதியின் இறுதிக்கட்டத்தில் அவருடைய உதைகள் அடுத்தடுத்து எதிராளிகளிடம் போய்ச் சேர்ந்தன. கெர்ரி இரண்டு கோல்களைப் போட்டு இடைவேளையில் 2-8 என்றும் டப்ளின் 0-9 என்றும் கணக்கு நின்றது. ஐந்து புள்ளி பின்தங்கிய நிலை. அப்படிப்பட்ட ஒரு பத்து நிமிடத்துக்குப் பிறகு எந்தக் கோல்கீப்பருக்கும் தோன்றக்கூடிய எண்ணம், பந்தைத் தூர உதைத்துவிட்டுப் பொறுப்பைக் கைகழுவுவது. கிளக்ஸ்டன் தன் வழியைக் கைவிடவில்லை. டப்ளின் 0-22, கெர்ரி 2-14 என்று ஆட்டம் முடிந்தது. இரண்டாம் பாதியில் கெர்ரி எடுத்தது ஆறே புள்ளி. என்னைப் பொறுத்தவரை அவருடைய தரத்தை அறிய வெற்றிக் கோப்பைகளைவிட இந்த ஆட்டமே நல்ல சான்று.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2014 இறுதி ஆட்டத்தில் டோனிகாலின் கோல்கீப்பர் பால் டர்கன் இரண்டாம் பாதியில் குறைந்த தூரத்துக்கு ஒரு கிக்-அவுட் உதைத்தார். அது நேராகக் கெர்ரியின் மிக உயரமான வீரரான கீரன் டோனஹியின் கைக்குப் போனது. அவர் சில அடிகள் ஓடி வலைக்குள் அடித்துவிட்டார். ஆட்டத்தின் இறுதிக் கணக்கு கெர்ரி 2-9, டோனிகால் 0-12. வித்தியாசம் சரியாக ஒரு கோல், மூன்று புள்ளி. டர்கன் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் டோனிகால் பட்டம் வென்றபோது அந்த அணியின் தூணாக நின்றவர். குறைந்த தூர உதை என்ற புதிய ஆயுதம் அணிகளுக்கு எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவு ஆபத்தையும் கோல்கீப்பரின் தோளில் ஏற்றிவிட்டது.

மேயோ அணியின் கதை இதைவிடச் சிக்கலானது. 2016 இறுதி ஆட்டம் டப்ளினுக்கும் மேயோவுக்கும் இடையே சமனில் முடிந்ததால் மறு ஆட்டம் நடந்தது. முதல் ஆட்டத்தில் நன்றாகவே நின்ற டேவிட் கிளார்க்கை வெளியே உட்காரவைத்து, கிக்-அவுட் கருதி ராப் ஹென்னெல்லியை மேயோ இறக்கியது. இரண்டாம் பாதியில் உயர்ந்து வந்த ஒரு பந்தை ஹென்னெல்லி தவறவிட்டார். உடனே எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காகக் அவர் வெளியேற வேண்டிய கறுப்பு அட்டையும், டப்ளினுக்குப் பெனால்டியும் கிடைத்தன. வெளியே இருந்த கிளார்க் குளிர்ந்த உடலோடு உள்ளே வந்தவுடன் அவர் சந்தித்த முதல் பந்தே அந்தப் பெனால்டி. டப்ளினின் டியர்மட் கானலி அதைக் கோலாக்கினார். ஆட்டத்தை டப்ளின் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆண்டின் சிறந்த பதினைந்து வீரர்களுக்கான ஆல் ஸ்டார் விருதில் கோல்கீப்பர் இடம் கிளார்க்குக்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோல்கீப்பரை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி அயர்லாந்திலேயே எவ்வளவு குழப்பமாக இருந்தது என்பது விளங்கும். பந்தைத் தடுப்பவர் சிறந்தவரா, பந்தைக் கொடுப்பவர் சிறந்தவரா? ஹென்னெல்லி அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2021 இறுதி ஆட்டத்தில் மேயோவின் கோல்கீப்பராக மீண்டும் அவரே நின்றார். அந்த ஐந்து ஆண்டுகளின் உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

2017 இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளையும் சொல்லியாக வேண்டும். டப்ளின் ஒரு புள்ளி முன்னிலை பெற்றுவிட்டது. மேயோவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கிக்-அவுட். கிளார்க் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, டப்ளின் முன்கள வீரர்கள் மேயோ வீரர்களைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுப்பதற்கு ஆளில்லை. அவர் உதைத்த பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனது, ஆட்டமும் போனது. விதிமீறல் என்று தெரிந்தே செய்த செயல் அது. அதை நான் பாராட்ட மாட்டேன். ஆயினும் ஒரு கிக்-அவுட்டை நிறுத்துவதற்காக ஓர் அணி அந்த அளவுக்குப் போகும் என்றால், அந்த உதையின் மதிப்பு எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கோல்கீப்பரின் கால் கிக்-அவுட்டோடு நின்றுவிடவில்லை. தூரத்திலிருந்து ஃப்ரீ கிக் உதைக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. தரையில் அசையாமல் இருக்கும் பந்தை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் உதைத்துப் பழகுபவர் அவர்தானே. 2011 இறுதி ஆட்டத்தில் கெர்ரிக்கு எதிராக டப்ளின் கடைசிக் கட்டத்தில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. மாற்று வீரராக வந்த கெவின் மக்மனமன் கோல் அடித்து ஆட்டத்தை உயிர்ப்பித்தார். கூடுதல் நிமிடங்களில் இரு அணிகளும் 1-11 என்று சமமாக நின்றபோது டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கிளக்ஸ்டன் தன் கோலிலிருந்து களத்தின் மறுபாதிக்கு நடந்து வந்தார். பந்தை வைத்தார், உதைத்தார். அது கம்பங்களின் நடுவே போனது. அவர் திரும்பித் தன் கோலை நோக்கி ஓடினார். 1995-க்குப் பிறகு டப்ளின் வென்ற முதல் பட்டம் அது. பதினாறு ஆண்டுக் காத்திருப்பை முடித்தது ஒரு கோல்கீப்பரின் உதை.

அதன்பின் நடந்தவை சாதனைப் பட்டியலில் அடங்குபவை, சுருக்கமாகவே சொல்கிறேன். அணித்தலைவராக 2013-லும், பின்னர் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகளும் கிளக்ஸ்டன் கோப்பையை வாங்கினார். 2019 இறுதி ஆட்டத்தில் கெர்ரியின் பால் கீனி உதைத்த பெனால்டியைத் தடுத்தார். அந்த ஆட்டம் சமனில் முடிந்தது, மறு ஆட்டத்தில் டப்ளின் வென்று தொடர்ந்து ஐந்தாவது பட்டத்தை எடுத்தது. அதற்கு முன் எந்த ஆண்கள் அணியும் செய்யாத செயல் அது. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஒரு கோல்கீப்பருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 இறுதி ஆட்டம் டிசம்பர் 19 அன்று, பார்வையாளர் ஒருவரும் இல்லாத க்ரோக் பார்க்கில் நடந்தது. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது நிறைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் கவுண்டி அணியின் பக்கமே வரவில்லை. ஓய்வு பெறுவதாக அறிவிக்கவும் இல்லை. 2023 மார்ச்சில் லவுத் அணிக்கு எதிரான லீக் ஆட்டத்துக்கான பட்டியலில் அவர் பெயர் திடீரென்று இருந்தது. அந்த ஜூலையில், நாற்பத்தொரு வயதில், கெர்ரியை வென்ற இறுதி ஆட்டத்தில் நின்று தன் ஒன்பதாவது பதக்கத்தைப் பெற்றார்.

இந்த வெற்றிக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. கிளக்ஸ்டனுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2021-இல் ஒருவழியாக முதல் கோல்கீப்பர் ஆனவர் இவான் கமர்ஃபோர்ட். திறமைக்குக் குறைவில்லாதவர். மூத்தவர் திரும்பி வந்ததும் அவர் மீண்டும் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ஒரே ஓர் இடம் மட்டுமே உள்ள வேலையில் ஒருவரின் நீண்ட ஆயுள் இன்னொருவரின் நீண்ட காத்திருப்பாகவும் இருக்கிறது என்பதை, கிளக்ஸ்டனைப் போற்றும் நாம் மறந்துவிடக் கூடாது.

கிளக்ஸ்டன் திறந்துவிட்ட கதவு வழியாக அடுத்த தலைமுறையினர் இன்னும் தூரம் போனார்கள். மோனகனின் ரோரி பெகன் நெடுந்தூர ஃப்ரீ கிக்குகளால் தன் அணியின் முக்கியப் புள்ளி சேர்ப்பவர்களில் ஒருவரானார். 2018-இல் ஆல் ஸ்டார் விருது பெற்றார். டைரோனின் நியால் மார்கன் பந்து தன் அணியிடம் இருக்கும்போது கோலை விட்டு நடுக்களம் வரை வந்து கூடுதல் வீரராக ஆடுவார். 2021-இல் பட்டமும் ஆல் ஸ்டார் விருதும் அவருக்குக் கிடைத்தன. அர்மாவின் ஈதன் ராஃபர்ட்டி முன்களத்தில் ஆடிக்கொண்டிருந்து பின்னர் கோல்கீப்பராக மாறியவர். கோல்கீப்பர் முன்னே வந்தால் அவருக்குப் பின்னால் கோல் வெறுமையாக இருக்கும். பந்து பறிபோனால் நடுக்களத்திலிருந்தே எதிராளி வலைக்குள் அடித்துவிடலாம். அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுக்கிறார்கள்.

தரையில் வைத்த பந்தை உதைக்கும் இந்தத் திறமை அட்லாண்டிக்கைத் தாண்டியும் சிலரை அழைத்துச் சென்றது. 2024-இல் பெகனும் விக்லோவின் மார்க் ஜாக்சனும் டவுனின் சார்லி ஸ்மைத்தும் அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அணிகள் முன் உதைத்துக் காட்டினார்கள். மூவருமே கவுண்டி கோல்கீப்பர்கள். ஸ்மைத்தை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. சம்பளமே இல்லாத ஆட்டத்தில் கற்ற ஒன்றுக்கு வேறொரு நாட்டில் விலை கிடைத்த அரிய நிகழ்வு அது.

2025 பருவத்தில் விதிகளே மாறின. பாதுகாப்பாகப் பந்தைப் பக்கவாட்டில் கடத்திக்கொண்டே இருப்பதால் ஆட்டம் சலிப்பூட்டுகிறது என்ற குறை வலுத்ததால், ஜிஏஏ ஒரு சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் தலைவர், கிளக்ஸ்டனின் பயிற்சியாளராக இருந்த அதே ஜிம் கேவின். புதிய விதிப்படி கோலிலிருந்து 40 மீட்டர் தூரத்தில் ஒரு வளைவுக் கோடு வரையப்பட்டது. கிக்-அவுட் அந்த வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். ஆகவே அருகில் நிற்கும் பின்கள வீரருக்குக் குறைந்த தூர உதை கொடுக்கும் வழி அடைபட்டது. வளைவுக்கு வெளியிலிருந்து குறுக்குக் கம்பத்துக்கு மேல் உதைத்தால் இரண்டு புள்ளி. இது பெகன், மார்கன் போன்றவர்களின் கால்களுக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தது. தன் பாதியில் கோல்கீப்பர் சக வீரரிடமிருந்து பந்தை வாங்குவதற்கும் கட்டுப்பாடு வந்தது: இருவரும் கோல் முன்னுள்ள பெரிய செவ்வகத்துக்குள் இருந்தால்தான் வாங்கலாம். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தத் தடை இல்லை. அதனால் பின்னே நின்று பந்தைச் சுற்றிவிடுவது குறைந்து, துணிந்து மறுபாதிக்கே போய்விடும் கோல்கீப்பர்களைப் பார்க்க முடிந்தது.

இந்த மாற்றத்தால் பலன் பெற்றவர்களில் ஒருவர் டோனிகாலின் ஷான் பாட்டன். முன்பு தொழில்முறைக் கால்பந்தில் ஸ்லைகோ ரோவர்ஸ் போன்ற அணிகளில் கோல்கீப்பராக இருந்துவிட்டு வந்தவர். தாழ்வாகவும் வேகமாகவும் நடுக்களத்தைத் தாண்டிப் போய் விழும் அவருடைய உதை, புதிய விதிக்காகவே பழகியது போல இருந்தது. உயரத்தில் பந்தைப் பறிக்கும் நடுக்கள வீரர்களுக்கும் பழைய மதிப்பு திரும்பியது. தூரமும் துல்லியமும் ஒரே காலில் அமைந்த இளைஞர்களை இப்போது ஒவ்வொரு கவுண்டியும் தேடுகிறது. பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோல்கீப்பரைத் தேர்ந்தெடுக்கும்போதே, பந்தைப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பதற்கு முன்னால், 40 மீட்டர் கோட்டுக்கு அப்பால் ஓடும் ஒருவரின் மார்புக்குப் பந்தை அனுப்ப முடிகிறதா என்று உதைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டிய நிலை பயிற்சியாளர்களுக்கு வந்துவிட்டது.